விளிம்பைத் தாண்டாத கோடு

என் தங்கையின் கணவர் பிலிப்பைன்ஸ் நாட்டில் ஒரு பெண்ணைக் கட்டாரி வைத்துத் திருமணம் செய்துகொண்டுவிட்டார் என்று எங்கள் குடும்பம் நம்பியது. சந்தேகப்பட்டது என்று எழுதினால் எங்களுக்கு நானே சலுகை கொடுத்தவளாவேன். நாங்கள் நம்பினோம். கள்ளிக்குப்பம் வீட்டின் கூடத்தில், தொலைக்காட்சிக்கு மேலிருந்த பலகையில், அந்தக் கட்டாரி அதற்குச் சாட்சியாகக் கிடந்தது.

நம்பிக்கையின் வேர் என் அம்மாவின் பிறந்த ஊரில் இருந்தது. அது ஒரு ஜமீன் ஊர். ஜமீன்தாருக்கு மணவறையில் உட்கார்ந்து தாலி கட்டிய மனைவி ஒருத்தி உண்டு. அவளுக்குப் பின்னால் அரண்மனைக்கு வந்தவர்கள் எல்லோரும் கட்டாரிக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். அந்தக் கல்யாணங்களுக்கு மாப்பிள்ளை வரமாட்டார். அவருடைய கட்டாரி, அதாவது இடுப்பில் செருகும் குத்துவாள், பல்லக்கில் வரும். பெண்ணின் கழுத்தில் தாலி ஏறியதும், கட்டாரியின் பிடியில் ஒரு மஞ்சள் கயிற்றைச் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டுத் திருப்பி அனுப்புவார்களாம், காரியம் முடிந்தது என்பதற்கு அடையாளமாக. அம்மா இதைக் கண்ணால் கண்டதில்லை, கேட்டிருக்கிறாள். கேட்டதைக் கண்டதைவிடத் துல்லியமாகச் சொல்லும் ஆற்றல் அவளுக்கு இருந்தது.

தங்கையின் கணவர் சரக்குக் கப்பலில் ஃபிட்டர். கப்பலில் உடைவதையெல்லாம் பற்றவைத்தும் கடைந்தும் சரிசெய்கிற வேலை. ஒன்பது மாதம் கடலில் இருப்பார், மூன்று மாதம் திருநின்றவூரில் வாடகை வீட்டில் இருப்பார். அந்த மூன்று மாதத்தில் எங்கள் வீட்டுக்கும் வந்து குழாய், மோட்டார், கதவுக் கீல் என்று ஒன்று விடாமல் பழுதுபார்ப்பார். உரக்கச் சிரிப்பார். ஏழு ஆண்டுகள் என் தங்கை அந்த வாழ்க்கையைக் குறை சொல்லாமல் வாழ்ந்தாள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அது பின்னால் அம்மாவின் வாதத்துக்கு மிகவும் வசதியாக இருந்தது.

கடைசிப் பயணத்தில் அவருடைய கப்பல் பழுதுபார்க்க செபு என்ற துறைமுகத்தில் நின்றது. ஆறு வாரத்தில் முடியும் என்றது நாலரை மாதம் ஆயிற்று. தொலைபேசி அழைப்புகள் குறைந்தன. வீடு திரும்பியபோது அவர் பையில் உலர்ந்த மாம்பழப் பொட்டலங்கள் ஒரு டஜன் இருந்தன. குளியல் துண்டில் சுற்றிய குத்துவாள் ஒன்றும் இருந்தது. ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான நீளம். அலகில் ஐந்து அலைவளைவுகள். கிளிமூக்கைப்போல் வளைந்த கறுப்பு மரப்பிடி, அதன் கழுத்தில் பித்தளைப் பூண். பூணை ஒட்டி மஞ்சள் நிற நார்க்கயிறு சுற்றியிருந்தது. மூன்று முடிச்சு.

அம்மா மாம்பழப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். முடிச்சுகளைப் பார்த்ததும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். கயிறு எது என்று மட்டும் கேட்டாள். பிடி ஆடிக்கொண்டிருந்ததாகவும், கப்பலில் கிடந்த மணிலாக் கயிற்றிலிருந்து ஒரு புரியை உருவித் தானே சுற்றியதாகவும் அவர் சொன்னார். மணிலா நார் பிறவியிலேயே மஞ்சள். அம்மாவுக்கு அது தெரியாது. தெரிந்தாலும் பயன் இருந்திருக்காது. மறுநாளே மாமாவுக்கு, அதாவது தன் தம்பிக்கு, ஆள் அனுப்பினாள்.

இங்கே நான் வருகிறேன். அம்பத்தூரில் ஒரு பள்ளியின் நூலகத்தில் வேலை செய்தேன். தங்கையைவிட ஒன்பது வயது மூத்தவள், மணம் செய்துகொள்ளாதவள். வீட்டில் எது புரியாவிட்டாலும் என்னிடம் வரும். நிலப்பத்திரம், மருந்துச் சீட்டு, வங்கிக் கடிதம் எல்லாவற்றுக்கும் என் சொல்தான் முடிவு. குத்துவாளும் அப்படித்தான் என்னிடம் வந்தது. இது என்ன பொருள், எவ்வளவு பழையது என்று பார்த்துச் சொல், அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார் மாமா. அதாவது, கடையில் வாங்கியதாக மாப்பிள்ளை சொல்வது உண்மையா என்று பார். கடைப்பொருள் என்றால் அவர் நல்லவர். ஒரு குடும்பத்தில் தலைமுறையாக இருந்த பொருள் என்றால் அவர் பொய்யர். பொய்க்கான காரணத்தை அம்மா வைத்திருந்தாள்.

மூன்று வாரம் படித்தேன். அந்த மூன்று வாரமும் எனக்கு மகிழ்ச்சியானவை என்பதை மறைக்கமாட்டேன். பழைய ஏல விற்பனைப் பட்டியல்களை இணையத்தில் தேடி எடுத்தேன். ஆயுதம் சேகரிப்போர் கூடும் ஒரு குழுவில் சேர்ந்தேன். அந்நாட்டின் தெற்குத் தீவுகளில் வாழும் முஸ்லிம் மக்கள் அலைவடிவ வாள்களையும், இடுப்பில் செருகிக்கொள்ளும் அதன் குட்டி வடிவங்களையும் செய்தார்கள் என்று அறிந்தேன். வயதைக் கணிக்க ஒரு வழி இருந்தது. அலகின் அடியில், பிடிக்குச் சற்று மேலே, இருபுறமும் சிறகு விரித்தாற்போல் ஒரு பகுதி இருக்கும். பழையவற்றில் அது தனித் துண்டு. தனியே அடித்து, அலகோடு கோத்துப் பொருத்துவார்கள். பொருத்திய இடத்தில் மெல்லிய கோடு தெரியும். பிற்காலத்தில், முக்கியமாக உலகப்போருக்குப் பின் பயணிகளுக்கு விற்கச் செய்தவற்றில், சிறகும் அலகும் ஒரே இரும்பு.

எங்கள் குத்துவாளில் கோடு இருந்தது. உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன், இருந்தது. படங்களோடு ஒப்பிட்டேன், கோடு போகும் சாய்வுகூடப் பொருந்தியது. ஒளிப்படம் எடுத்துக் குழுவில் போட்டேன். பாராட்டி இரண்டு பேர் எழுதினார்கள். மூன்றாமவர், யாரோ ஒரு வெளிநாட்டுக் கிழவர், பக்கவாட்டில் திருப்பி விளிம்பு தெரிய ஒரு படம் போடும்படி கேட்டார். அவர் கேட்ட தொனி எனக்குப் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரும் கூடுவதாக இருந்தது. அவருக்கு நான் பதில் எழுதவில்லை.

அந்த ஞாயிறு காலை சமையலறையில் தங்கை சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள்.

"அக்கா, அம்மா சொல்றது, மாமா சொல்றது, எதுவும் எனக்கு வேணாம். அது கடையில கெடைக்கிற சாமானா இல்லையா? நீ அத மட்டும் சொல்லு."

மதியம் எல்லோருக்கும் முன்னால் சொல்கிறேன் என்றேன். அவள் வெங்காயத்தைத் தொடர்ந்து உரித்தாள். அவளுக்குத் தேவைப்பட்டது ஒரு சொல். எனக்குத் தேவைப்பட்டது ஒரு சபை. இன்று எண்ணிப் பார்த்தால், அன்று நடந்த கொடுமைகளில் முதலாவது இதுதான். மற்றவை இதற்குப் பின்னால் வரிசையில் நின்றன.

மாமா வந்தார். மாப்பிள்ளை என்று ஏழு ஆண்டுகள் அழைத்தவர் அன்று "தம்பி, இப்டி உக்காரு" என்றார். தங்கையின் கணவர் சிரித்தார். "இன்னா மாமா, திடீர்னு தம்பின்றீங்க. டிமோசனா?" யாரும் சிரிக்காததைக் கண்டு அவர் மெல்ல உட்கார்ந்தார்.

எங்கே வாங்கினாய் என்று மாமா கேட்டார். துறைமுகத்துக்கு வெளியே சிப்பி விளக்கும் மணிமாலையும் விற்கிற ஒரு கடையில், அவற்றோடு இதுவும் தொங்கியது என்றார். ரசீது கேட்டார் மாமா. கப்பல்காரன் எவன் ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறான் என்று அவர் திருப்பிக் கேட்டார். எத்தனை நாள் கரையில் தங்கினாய், யார் வீட்டில் சாப்பிட்டாய் என்று கேள்விகள் நீண்டன. உடன் வேலைசெய்த ஒருவர் வீட்டில் சில ஞாயிறுகள் சாப்பிட்டதாக அவர் ஒளிக்காமல் சொன்னார். அந்த வீட்டில் பெண்கள் உண்டா என்றாள் அம்மா. எல்லார் வீட்டிலும் பெண்கள் உண்டுதானே என்று அவர் விழித்தார்.

"கயித்த யார் முடிஞ்சது?" என்றாள் அம்மா.

"நான்தான் அத்தே. எத்தினி தபா சொல்றது?"

"அதைத்தான் நானும் சொல்றேன். முடிஞ்சது நீங்கதான்."

அவருக்கு அப்போதும் விளங்கவில்லை. கட்டாரிக் கல்யாணம் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. மாமா விளக்கிச் சொன்னபோது முதலில் சிரித்து, பிறகு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, நீங்க படிச்சவங்க. நீங்க சொன்னா அவ நம்புவா. கடையில வாங்குனதுதான்னு சொல்லுங்கக்கா."

தங்கை சமையலறை வாசலில் நின்றாள். நான் ஒரு வெள்ளைத் துவாலையை விரித்து அதன்மேல் குத்துவாளை வைத்தேன். பிடியின் வடிவத்தைப் பற்றிச் சொன்னேன். பூணைப் பற்றிச் சொன்னேன். சிறகைக் காட்டி, கோட்டைக் காட்டி, அதன் பொருளை விளக்கினேன். அழகாகப் பேசினேன் என்று நினைக்கிறேன். மாமா இடையில் ஒருமுறை தலையசைத்தார். பிறகு சொன்னேன்: "இது நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பொருள். கடையில தொங்காது. ஒரு குடும்பத்துல இருந்துதான் கைமாறி வந்திருக்கணும்."

அவர் கோபப்படவில்லை. குத்துவாளை அப்போதுதான் முதன்முறை பார்ப்பவர்போல் குனிந்து பார்த்தார். "நூறு வருசமா? அப்ப கடைக்காரன் என்னை ஏமாத்தல, நான்தான் அவனை ஏமாத்திட்டு வந்துட்டேன்" என்றார். அது அவருடைய கடைசி வேடிக்கைப் பேச்சு. தங்கை உள்ளே போய், மீந்திருந்த மாம்பழப் பொட்டலங்களை எடுத்துவந்து அவர் மடியில் வைத்தாள்.

"இதையும் எடுத்துட்டுப் போயிடுங்க."

அவர் ஒன்பது பொட்டலங்களையும் இரு கைகளில் அணைத்துக்கொண்டு, செருப்பை மாட்ட முடியாமல் வாசலில் தடுமாறினார். யாரும் எழுந்து உதவவில்லை. குத்துவாள் எங்களிடமே இருக்கட்டும், ஆதாரம் என்றார் மாமா.

அதன் பிறகு ஓராண்டு அவர் எனக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். தங்கைக்கு அனுப்பியவற்றுக்குப் பதில் இல்லாததால் எனக்கு அனுப்பினார். எல்லாவற்றிலும் ஒரே வேண்டுகோள்: இன்னொரு முறை பாருங்கள். ஒருமுறை செபுவில் இருந்த நண்பரிடம் சொல்லி அந்தக் கடையைப் படமெடுத்து அனுப்பச் செய்தார். அந்த இடத்தில் இப்போது கைப்பேசி விற்கும் கடை இருந்தது. அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்குள் எழுந்தது நிம்மதி. அதற்கு வேறு பெயர் சொல்ல எனக்கு உரிமையில்லை.

தங்கை எங்களோடு வந்துவிட்டாள். மாலையில் நான் பள்ளியிலிருந்து திரும்பும்போது தேநீர் கொதிக்கும். சனிக்கிழமைகளில் இருவரும் அம்பத்தூர் சந்தைக்குப் போவோம். என் புடவைகளுக்கு அவள் கஞ்சி போட்டாள். நான் படித்தவற்றை இரவு உணவின்போது அவளுக்குச் சொன்னேன். அதுவரை தனியாக இருந்தேன் என்பதையே அவள் வந்த பிறகுதான் அறிந்தேன்.

குத்துவாள்களையும் சேர்க்கத் தொடங்கினேன். கப்பலில் போய்வந்தவர்கள், பழைய சாமான் விற்பவர்கள், வீடு காலிசெய்பவர்கள் என்று தேடிப்போய் ஆறு வாங்கினேன். மரப்பிடியின் வேர்முடிச்சு, தந்தத்தின் விரிசல், நாணயத்தை உருக்கிச் செய்த வெள்ளிப் பூண், இரும்பை மடித்து மடித்து அடித்த பழைய அலகில் எலுமிச்சைச் சாறு தடவினால் எழும்பும் மடிப்பு ரேகை என்று ஒவ்வொன்றையும் கண்ணுக்குப் பழக்கினேன். நல்ல கண் என்று சிலர் சொன்னார்கள். ஆவடி விமானப்படை முகாமில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஒருவர், தம் மாமனார் பர்மா போரிலிருந்து கொண்டுவந்தது என்று ஒரு கத்தியை மனைவியோடு எடுத்துவந்து காட்டினார். பிடியைத் தொட்டதுமே அது அண்மைக்கால அலுமினியம் என்று தெரிந்தது. போரில் எடுத்ததல்ல, விழாக்கடையில் எடுத்தது என்று அந்த அம்மாளின் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் கத்தியைக் கைக்குட்டையில் சுற்ற மறந்து அப்படியே எழுந்து போனார். அந்தக் கணிப்பு சரியானது. என் தவறுகளைவிட என் சரியான கணிப்புகள் மனிதர்களைக் குறைவாக வருத்தியதாக எனக்கு நினைவில்லை.

ஓராண்டு முடிந்ததும் தங்கையும் அவள் கணவரும் பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்துக்கு மனு போட்டார்கள். அவர் ஏன் கையெழுத்திட்டார் என்று கேட்கலாம். அவள் அவரைப் பார்க்கவே மறுத்தாள். அவருக்கும் அடுத்த கப்பல் காத்திருந்தது. மனு போட்ட பிறகு ஆறு மாதம் பொறுத்திருக்கவேண்டும் என்பது சட்டம். மனம் மாறினால் மாறட்டும் என்று கொடுக்கும் அவகாசம் அது. அந்த ஆறு மாதத்தின் நான்காவது மாதத்தில் நான் பூந்தமல்லிக்குப் போனேன்.

அங்கே பேருந்து நிலையத்துக்குப் பின்னால், பழைய பித்தளைச் சாமான் விற்கும் பாய் ஒருவர் கடை வைத்திருந்தார். என்னைவிடச் சில வயது இளையவர். குத்துவிளக்கும் அண்டாவும் வாங்கி விற்பவர். பிலிப்பைன்ஸ் எங்கே இருக்கிறது என்று அவருக்கு அக்கறை இல்லை. ஆவடியில் ஒரு பழைய ராணுவ அதிகாரியின் வீட்டைக் காலிசெய்தபோது அலைவாள் ஒன்று வந்திருப்பதாகத் தொலைபேசியில் சொல்லியிருந்தார். நான் அதைக் கையில் வாங்கி முன்பக்கம் பார்த்தேன். கோடு இருந்தது. பழையது என்றேன். அவர் அதை என் கையிலிருந்து எடுத்து, கூர் இல்லாத கனத்த விளிம்பு மேலே வரும்படி பக்கவாட்டில் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஆமாமா, பழசுதான். பாரு, கோடு சைடுல ஏறி அந்தாண்டயும் போவுது."

எதற்குத் திருப்பினீர்கள் என்று கேட்டேன். குத்துவிளக்கில் செய்கிற பழக்கம் என்றார். பழைய விளக்கு பல பாகமாக வார்த்து ஒன்றோடொன்று திருகியது. புது விளக்கை ஒரே வார்ப்பில் ஊற்றிவிட்டு, பழசுபோல் தெரிய அரத்தால் கோடு கீறிவிடுகிறார்கள். கீறிய கோடு கண்ணுக்குத் தெரிகிற பக்கத்தோடு நின்றுவிடும். பொருத்திய கோடு சுற்றிக்கொண்டு போகும்.

"மூஞ்சிய மட்டும் பாத்தா எல்லாமே பழசுதாம்மா. போட்டோ பாத்து பொண்ணு எடுக்கறாப்ல ஆயிடும்."

அவர் சிரித்தார். நானும் சிரித்திருக்கவேண்டும். அந்த வாளை வாங்கினேனா, பேருந்து ஏறினேனா, எதுவும் நினைவில் இல்லை. வாள் இன்று என்னிடம் இருப்பதால் வாங்கியிருக்கிறேன் என்று தெரிகிறது.

வீட்டில் யாரும் இல்லை. தங்கை அம்மாவைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போயிருந்தாள். பலகையிலிருந்து குத்துவாளை எடுத்தேன். பக்கவாட்டில் திருப்பினேன். சிறகும் அலகும் சேரவேண்டிய விளிம்பில் வழுவழுப்பான இரும்புதான் இருந்தது. ஒரு மயிரிழைகூட இல்லை. கோடு இரு முகங்களிலும் விளிம்புவரை வந்து, தாண்டாமல் நின்றது. ஊசிமுனையை அதில் ஓட்டிப் பார்த்தேன். ஆழம் இல்லை. பிறகு தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளை எடுத்து ஒரு முகத்தை மட்டும் தேய்த்தேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும். கோடு வெளுத்தது, துண்டு துண்டாயிற்று, மறைந்தது. எலுமிச்சை தடவினேன்; மடிப்பு ரேகை எதுவும் எழவில்லை. துறைமுகத்துக்கு வெளியே, சிப்பி விளக்குகளுக்கு நடுவே தொங்கவிடச் செய்த பொருள் அது. அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை.

குத்துவாளைக் கழுவித் துடைத்தேன். தேய்த்த முகம் சுவரைப் பார்க்கும்படி பலகையில் திருப்பி வைத்தேன். அம்மாவும் தங்கையும் வந்தார்கள். அம்மாவுக்குக் கண்ணில் புரை என்று மருத்துவர் சொன்னதாகத் தங்கை சொன்னாள். சாப்பிட்டோம். நான் சொல்லவில்லை.

மறுநாளும் சொல்லவில்லை. ஏன் என்று அந்த இரண்டு மாதமும் எனக்கே பல காரணங்களைச் சொல்லிக்கொண்டேன். அம்மாவின் கண் அறுவை முடியட்டும். பாய் சொன்ன சோதனை எல்லா வாளுக்கும் பொருந்துமா என்று உறுதிசெய்துகொள்வோம். அவர்தான் கையெழுத்துப் போட்டுவிட்டாரே. இவை எதுவும் காரணம் இல்லை. மாலையில் தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது. அது நின்றுவிடக்கூடாது என்று நினைத்தேன். அதற்கு மேல், வெள்ளைத் துவாலையை மீண்டும் விரித்து, அதே ஆட்களுக்கு முன்னால், விளிம்பைத் திருப்பிப் பார்க்கத் தெரியாதவள் நான் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

தீர்ப்பு நாளில் நீதிமன்றத்துக்கு நானும் போனேன். சில நிமிடங்களில் முடிந்தது. வெளியே வேப்பமரத்தடியில் மாமா ஆட்டோவுக்காக நின்றார், தங்கை அவர் பக்கத்தில் நின்றாள். தங்கையின் கணவர் என்னிடம் வந்தார். இளைத்திருந்தார். என்மேல் கோபம் இருக்கும் என்று தயாராக இருந்தேன்.

"வரேங்கா. அவளுக்கு சைனஸ் கீது, தெரியும்ல? தலைக்கு ஊத்துனா உடனே தொவட்டிக்க சொல்லுங்க. கேக்கமாட்டா."

சொல்கிறேன் என்றேன். அப்போதும் என் வாயில் வெளியே வராமல் இருந்தது, தங்கை அன்று சமையலறையில் கேட்ட அந்த ஒரு சொல்தான். ஆட்டோ வந்தது.

இரண்டு ஆண்டு கழித்து அம்மா இறந்தாள், தான் நம்பியதைக் கடைசிவரை நம்பிக்கொண்டே. பதினாறாம் நாள் காரியம் முடிந்து சில நாளில் தங்கை கூடத்தைச் சுத்தம் செய்தாள். குத்துவாளை ஏரியில் போட்டுவிட்டு வரலாம் என்று எடுத்தவள், துடைக்கும்போது நின்றாள்.

"அக்கா, இந்தப் பக்கம் கோடு இல்லையே."

மூன்றரை ஆண்டுக்கு முன் சமையலறை வாசலில் நின்று கேட்ட பாடத்தை அவள் ஒரு சொல்கூட மறக்கவில்லை. நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். விளிம்பை அவளே திருப்பிப் பார்த்தாள். நகத்தால் தடவினாள்.

"எப்பத் தெரியும்?"

"மனு போட்டு நாலாவது மாசம்."

"அப்ப ரெண்டு மாசம் இருந்துச்சு" என்றாள். அவ்வளவுதான். துடைப்பதை முடித்து, குத்துவாளைப் பலகையிலேயே வைத்துவிட்டு, கொடியிலிருந்து துணி எடுக்கப் போனாள்.

மாலையில் என் எதிரிலேயே தன் கணவராக இருந்தவரைத் தொலைபேசியில் அழைத்தாள். எண் அதேதான். ஒலிபெருக்கியை அவள் போட்டது நான் கேட்கவேண்டும் என்பதற்காக. அவர் எடுத்ததும் பின்னால் ஒரு கைக்குழந்தை அழுதது. ஒரு பெண் அதைத் தட்டிக்கொடுத்து அடக்கினாள். தங்கை சுருக்கமாகச் சொன்னாள்: அக்கா தப்பாகப் பார்த்துவிட்டாள், அது கடைச் சாமான்தான்.

"நான் அன்னிக்கே சொன்னேனே" என்றார்.

"ஆமா. சொன்னீங்க."

"அத்தே எப்டி கீறாங்க?"

"போயிட்டாங்க. இருபது நாளாச்சு."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்திருப்பேனே" என்றார். குழந்தை மறுபடி அழுதது. தங்கை, குழந்தையைப் பாருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அவள் வீட்டை விட்டுப் போய்விடுவாள் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. சண்டையும் போடவில்லை. தொழிற்பேட்டையில் மருந்து அட்டைப்பெட்டி செய்யும் ஓர் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். சமையலைப் பங்கிட்டுக்கொண்டோம். காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தருகிறாள், சூடு பார்த்து, உப்புப் பார்த்து. ஆனால் என் சேகரிப்பைப் பார்க்க யாராவது வந்தால் வேலையைப் போட்டுவிட்டு அவளே வந்து நிற்பாள். என் அலமாரியில் இப்போது பதினான்கு இருக்கின்றன. ஒவ்வொன்றையும் விளிம்பு திருப்பிப் பார்த்து, ரேகை எழுப்பிப் பார்த்து, ஐயம் இருந்தால் ஐயம் என்றே எழுதி வைத்திருக்கிறேன். வந்தவர்கள் அவற்றைப் பார்த்து முடித்ததும், அவள் பலகையிலிருந்து அந்தக் குத்துவாளை எடுத்துவந்து அவர்கள் கையில் கொடுப்பாள். "இதையும் பாருங்க சார். நூறு வருஷம்னு எங்க அக்காவே சொன்னது" என்பாள், மரியாதை குறையாத குரலில். வந்தவர் அறிந்தவரானால் சங்கடத்தோடு என்னைப் பார்ப்பார். அறியாதவரானால் வியந்து பாராட்டுவார். இரண்டில் எது நேர்ந்தாலும் அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். நான் அதைத் தடுத்ததில்லை.

அவள் என்னிடம் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள். மழை வருமா என்றுகூடக் கேட்பதில்லை. தெருமுனை இஸ்திரிக்காரரிடம் கேட்டுக்கொள்கிறாள். தலைக்குக் குளித்த நாளில் ஈரத்தோடு வேலைக்குக் கிளம்புகிறாள். துவட்டிக்கொண்டு போ என்று சொல்ல நான் வாயெடுத்ததுண்டு. அதைச் சொல்லவேண்டியவர் யார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

மாமாவுக்கு முழங்கால் வலி, அவர் வருவதில்லை. தங்கையின் கணவராக இருந்தவர் கப்பல் வேலையை விட்டுவிட்டதாகவும், திருநின்றவூரிலேயே பட்டறை வைத்திருப்பதாகவும் கேள்வி. கள்ளிக்குப்பம் வீட்டில் இப்போது இருப்பவர்கள் நானும் என் தங்கையும்.